பேச்சு வராத பிள்ளையைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்கிறோம்: டேப்லெட் விஷயத்தில் பள்ளியிடம் என்ன கேட்பது?

வாசல்மரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது. வாய்ப்பேச்சு இல்லை. சில ஒலிகள் எழுப்புவான். அவை வீட்டில் எங்களுக்குப் புரியும், வெளியாருக்குப் புரியாது. டேப்லெட்டில் ஒரு பேச்சு ஆப் பயன்படுத்துகிறான். படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை அது உரக்கச் சொல்லும். வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். தங்கை அவன் ரயில் வண்டியை எடுத்துவிட்டால் "என்னுடையது", "கொடு" என்று விடாமல் அழுத்துவான். இரவில் விளக்கை அணைத்த பிறகும் "நாளை", "எங்கே", "போ" என்று கேட்டுக்கொண்டிருப்பான். பதில் வரும்வரை தூங்க மாட்டான்.

இதுவரை படித்த இடத்தில் டேப்லெட் அலமாரிக்கு மேல் இருந்தது. பேச்சுப் பயிற்சி நேரத்தில் மட்டும் இறக்கிக் கொடுப்பார்கள். முடிந்ததும் மறுபடி மேலே போய்விடும். உடைந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. எவ்வளவோ பேசிப் பார்த்தும் மாறவில்லை.

இந்த ஆண்டு அவன் தங்கை படிக்கும் சாதாரணப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தலைமையாசிரியர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் "டேப்லெட் மற்ற பிள்ளைகளின் கவனத்தைக் கெடுக்கும், தேவைப்படும்போது பையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமே" என்றார். வகுப்பாசிரியர், "முதலில் ஓரிடத்தில் உட்காரப் பழகட்டும், இதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றார். என் மாமியாரோ, இயந்திரமே பேசிவிட்டால் பிள்ளைக்கு வாயில் பேச்சு எப்படி வரும் என்று இன்னமும் கவலைப்படுகிறார்.

முதல் வாரத்திலேயே பள்ளியிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதில் விட்டுக்கொடுத்துப் போகலாம்? ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் அவனுக்கென்று கூடவே இருக்கும் உதவியாளர், போட்டால் நல்லதா? இந்த வழியில் போயிருப்பவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் சாதாரணப் பள்ளியில் தொடக்க வகுப்பு எடுக்கும் ஆசிரியை. டேப்லெட்டால் பேசும் பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள், இப்போதும் ஒரு சிறுமி படிக்கிறாள். நான் வகுப்பறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். தெரபி பக்கத்தை அதில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

விட்டுக்கொடுக்கவே கூடாத விஷயம், டேப்லெட் பைக்குள் போவது. "தேவைப்படும்போது எடுக்கட்டும்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தேவைப்படுகிறது என்று யார் முடிவு செய்வது? அவன் "எனக்கு அது வேண்டும்" என்று சொல்வதற்கே அது கையில் இருந்தாக வேண்டும். மற்ற பிள்ளைகளின் வாயை நாம் பைக்குள் வைத்து, தேவைப்பட்டால் எடுத்து மாட்டிக்கொள் என்று சொல்வதில்லை. மேசை மேல், அவன் கை எட்டும் தூரத்தில், திறந்த நிலையில், காலை மணி அடித்ததிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை இருக்க வேண்டும். விளையாட்டுத் திடலுக்கும் கழிப்பறைக்கும் கூடவே போக வேண்டும். கழுத்தில் மாட்டும் பட்டையோ, கைப்பிடி வைத்த தடித்த உறையோ போட்டுவிட்டால் உடையும் பயம் பாதி போய்விடும்.

கவனம் சிதறும் என்று தலைமையாசிரியர் சொல்வது முதல் சில நாட்களுக்கு உண்மைதான். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். நான் அதைத் தடுப்பதில்லை. முதல் நாளே எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து, "இவள் இதனால் பேசுவாள், நாமும் கொஞ்சம் பேசிப் பார்ப்போம்" என்று ஆளுக்கு ஒரு முறை கொடுத்துவிடுவேன். அதன் முதன்மைப் பக்கத்தை அப்படியே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு மேசையிலும் ஒட்டுவேன், பெரிதாக ஒன்று கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்கும். சில நாட்களில் அது சுவரில் இருக்கும் நாட்காட்டியைப் போல ஆகிவிடுகிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பதிலாக ஒன்று நடக்கும். பக்கத்து மேசைப் பையன் தாளில் "வா", "விளையாடு" என்று தொட்டுக் காட்டி அவளைக் கூப்பிடுவான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்து, "முதலில் உட்காரட்டும்" என்பது. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல பிள்ளைகள் எழுந்து ஓடுவதற்கும் தரையில் விழுந்து புரள்வதற்கும் காரணம், போதும் என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லாததுதான். என் வகுப்புச் சிறுமி வந்த புதிதில் கதை படிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். ஒரு நாள் அங்கிருந்தே கையை மட்டும் நீட்டி "நிறுத்து" பட்டனை அழுத்தினாள். நான் பாதி வாக்கியத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். வகுப்பே அமைதி. அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அந்த வாரம் முழுவதும் எல்லாவற்றுக்கும் "நிறுத்து" தான். பாட்டுக்கு, வாய்ப்பாட்டுக்கு, மணிச் சத்தத்துக்குக்கூட. முடிந்த இடத்திலெல்லாம் நிறுத்தினேன். முடியாத இடத்தில் "நீ நிறுத்தச் சொன்னது கேட்டது, இன்னும் இரண்டு வரி, அப்புறம் நிறுத்து" என்று அதே பட்டனைத் தொட்டுச் சொன்னேன். சொன்னால் நடக்கும் என்று தெரிந்த பிறகு மேசைக்கு அடியில் போவது குறைந்தது. உட்காருவதும் அதன் பின்னாலேயே வந்தது. முதலில் பேச்சு, பிறகு உட்காருவது என்று உங்கள் வகுப்பாசிரியர் வரிசையை மாற்றிப் போட்டுப் பார்த்தால் அவருக்கும் எளிதாக இருக்கும்.

பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியதில் முக்கியமானது இன்னொன்று: ஆசிரியரும் அந்த டேப்லெட்டால் பேச வேண்டும். இதை மாடலிங் என்பார்கள். வாயால் பேசிக்கொண்டே வாக்கியத்தின் ஒன்றிரண்டு முக்கியச் சொற்களை மட்டும் திரையில் தொட வேண்டும். மிதப்பது, மூழ்குவது பாடம் நடத்தும்போது ஒரு கல்லையும் ஒரு இலையையும் தண்ணீரில் போடுவேன். "கல் கீழே போகுமா?" என்று கேட்டபடி "கீழே", "போ" இரண்டையும் தொடுவேன். இலையைப் போட்டு "மேலே" தொடுவேன். அவள் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. குழந்தை பேசத் தொடங்கும் முன் ஏறக்குறைய ஓராண்டு நம் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. டேப்லெட் பேச்சை ஒருவர் பேசி அவள் பார்த்ததே இல்லை என்றால் அவள் யாரிடமிருந்து கற்பாள்?

"யானை எங்கே காட்டு, சிவப்பு எங்கே காட்டு" என்று அதைத் தேர்வுத்தாள் ஆக்கிவிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டால் யாருக்கும் வாய் மூடிக்கொள்ளும்.

ஷேடோ டீச்சர் பற்றி. உடல் பாதுகாப்புக்கோ கழிப்பறை உதவிக்கோ தேவை என்றால் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அவர் உங்கள் மகனுக்கும் வகுப்புக்கும் நடுவில் உட்காரக் கூடாது. நடுவில் உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் அவரிடம் கேட்பார்கள், "இவனுக்குப் பந்து விளையாட வருமா அக்கா?" என்று. நானும் என்னை அறியாமல் அவரிடம் பேசத் தொடங்கிவிடுவேன். பின்னால் சற்றுத் தள்ளி இருக்கட்டும். கேள்வி அவனிடம் போகட்டும், பதிலும் அவனிடமிருந்தே வரட்டும்.

மெல்லினம் எழுதியது:

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். சாக்பீஸ் டீச்சர் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

உங்கள் மாமியாரின் கவலை எல்லா வீட்டிலும் வருவதுதான். அவருக்கு நிம்மதி தரும் பதில் இருக்கிறது. மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் 2006-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பகமான முறையில் செய்யப்பட்டவற்றில் 27 பேரின் விவரம் கிடைத்தது. படம், சைகை, கருவி என்று மாற்றுவழி கொடுத்த பிறகு அவர்களில் 89 சதவீதம் பேருக்கு வாய்ப்பேச்சு கொஞ்சமாவது கூடியது, 11 சதவீதம் பேருக்கு மாற்றமில்லை, ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கூடிய அளவு பெரும்பாலும் சிறியதுதான், எனவே பேச்சு வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் தடுக்கும் என்ற பயத்துக்கு இடமில்லை.

"முதலில் தயாராகட்டும்" என்பதை எங்கள் துறை கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது. அமெரிக்காவில் கடுமையான குறைபாடு உள்ளவர்களின் தகவல் தொடர்புக்கான தேசியக் கூட்டுக்குழு 1992-ல் ஓர் உரிமைப் பட்டியல் வெளியிட்டது, 2016-ல் திருத்தி 15 உரிமைகளாக்கியது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும், வேலை செய்யும் நிலையில் உள்ள பேச்சுக் கருவி எந்நேரமும் கிடைக்கும் உரிமையும் அதில் உண்டு. 2006-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, இத்தகைய மாற்று முறைகளைப் பிள்ளை கற்க வழிசெய்ய வேண்டும், ஆசிரியர்களுக்கும் அதில் பயிற்சி தர வேண்டும் என்கிறது. பள்ளியோடு பேசும்போது இரண்டாவது பாதியை அழுத்திச் சொல்லுங்கள். பழக வேண்டியவர் உங்கள் மகன் மட்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

திரையில் என்ன சொற்கள் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். பல ஆப்களில் விலங்கு, பழம், வண்ணம் என்று பெயர்ச்சொற்களாக நிரம்பியிருக்கும். அவற்றை வைத்துப் பொருள் கேட்கலாம், பேச முடியாது. வேண்டும், வேண்டாம், போதும், இன்னும், நிறுத்து, வா, போ, கொடு, பார், உதவி, நான், நீ, அது, என்ன, எங்கே, யார், ஏன், உள்ளே, வெளியே, பிடிக்கும், முடிந்தது. இவை எங்கும் எப்போதும் உதவும் சொற்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் எழுத்தறிவு மற்றும் குறைபாட்டு ஆய்வு மையம் இப்படி 36 சொற்களைத் தேர்ந்து இலவசப் பலகையாகவே தருகிறது. அவர்கள் மொழி ஆங்கிலம், நாம் தமிழுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். படங்கள் வேண்டுமென்றால் ஸ்பெயினின் அரகோன் அரசு நடத்தும் அராசாக் தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: புதுச் சொல் சேர்க்கும்போது பழைய பட்டனின் இடத்தை மாற்றாதீர்கள். அவன் விரல் இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். நாம் தட்டச்சு செய்யும்போது எழுத்தைத் தேடுவதில்லை அல்லவா.

தமிழில் வினைச்சொல் மாறிக்கொண்டே இருக்கும், பட்டன் மாறாது. அவன் "நான் போ வெளியே" என்று சொல்வான். திருத்தி மறுபடி அழுத்தவைக்க வேண்டாம். "நீ வெளியே போகணுமா? சரி, போகலாம்" என்று முழு வாக்கியமாக நீங்கள் சொல்லிவிட்டால் போதும்.

எழுத்தை இப்போதே தொடங்குங்கள். படப்பலகையில் பிறர் போட்ட சொல்தான் இருக்கும். எழுத்துக்கூட்டத் தெரிந்தால் யாரும் போட்டுவைக்காததையும் சொல்லலாம். 247 எழுத்துக்கும் கட்டம் போட வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 கட்டம், கூடவே ஜ, ஷ, ஸ, ஹ போன்ற சில. க் தொட்டு உ தொட்டால் கு வரும்படி விசைப்பலகை இருக்கிறது. தொடக்கத்தில் கண்டபடி அழுத்துவான், அது கிறுக்கல் பருவம். பென்சில் பிடிக்கும் குழந்தையை நாம் கிறுக்க விடுவதில்லையா?

கடைசியாக ஓர் எச்சரிக்கை. யாராவது அவன் கையையோ மணிக்கட்டையோ பிடித்து எழுத்துகளைத் தொடவைத்து, "பாருங்கள், இவன் உள்ளே எவ்வளவு யோசிக்கிறான்" என்று காட்டினால் அங்கிருந்து வந்துவிடுங்கள். அதில் வருவது கையைப் பிடிப்பவரின் சொற்கள் என்று 1990-களிலிருந்தே கட்டுப்பாட்டுச் சோதனைகள் காட்டிவந்திருக்கின்றன. அமெரிக்கப் பேச்சு மொழி செவித்திறன் சங்கம் 2018-லும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. ஷேடோ டீச்சருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். விரலால் சுட்டிக் காட்டலாம், கையைப் பிடிக்கக் கூடாது.

நாலாம்பெஞ்ச் எழுதியது:

சாக்பீஸ் டீச்சர், நானும் ஆசிரியன்தான். தவறாக நினைக்காமல் பதில் சொல்லுங்கள். என் வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். உதவிக்கு ஆள் இல்லை. ஒரு பிள்ளை ஒரு பதிலைத் தேடி அழுத்தும்வரை நான் நின்றால் மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பாடத்தில் வரும் சொற்களையெல்லாம் அவன் டேப்லெட்டில் ஏற்ற எனக்கு நேரமும் இல்லை. தேர்வு எப்படி வைப்பது என்றும் புரியவில்லை. செய்ய மனம் இருக்கிறது, வழிதான் தெரியவில்லை.

சாக்பீஸ் எழுதியது:

சார், உங்கள் கேள்வி நியாயமானது. உதவி ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது. 2016-ல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் உள்ளடங்கிய கல்வி பற்றி வெளியிட்ட 4-ஆவது பொதுக் கருத்துரை, வகுப்பையும் பாடமுறையையும் மாற்றாமல் பிள்ளையை மட்டும் கொண்டுவந்து உட்காரவைத்தால் அது உள்ளடக்கம் ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆளும் பயிற்சியும் கொடுக்காமல் பிள்ளையை நம் வகுப்பில் விட்டுவிட்டு "எங்கள் பள்ளி உள்ளடங்கிய பள்ளி" என்று பலகை மாட்டுவது எனக்குக் கோபம் வரும் விஷயம்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? பாடச் சொற்களை ஏற்ற வேண்டாம். கேள்வியை மாற்றுங்கள். "தாவரம் உணவு தயாரிக்கும் முறையின் பெயர் என்ன?" என்று கேட்டால் அதற்கு ஒரு தனிப் பட்டன் வேண்டும், ஒரு வாரம் கழித்து அது யாருக்கும் பயன்படாது. "இந்தச் செடியை இருட்டு அறைக்குள் வைத்தால் என்ன ஆகும், ஏன்?" என்று கேளுங்கள். "வளர்", "இல்லை", "சூரியன்", "வேண்டும்" என்று இருக்கும் சொற்களாலேயே சொல்லிவிடுவான். ஒளிச்சேர்க்கை என்ற பெயரை வாயால் ஒப்பிக்கும் பல பிள்ளைகளைவிட அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று எனக்கு அதில் தெரிந்துவிடும். மற்ற பிள்ளைகளும் யோசித்துப் பதில் சொல்ல ஆரம்பிப்பார்கள், அது எனக்குக் கிடைத்த கூடுதல் லாபம்.

நேரத்துக்கு வழி: கேள்வியை எல்லோருக்கும் போட்டுவிட்டு, "யாரும் வாயைத் திறக்காதீர்கள், பத்து எண்ணும்வரை யோசியுங்கள்" என்பேன். அந்த இடைவெளியில் என் வகுப்புச் சிறுமியும் தேடிவிடுவாள். முடியாவிட்டால் அடுத்தவரிடம் போய்விட்டு அவளிடம் திரும்பி வருவேன். திரும்பி வருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் வர வேண்டும், மறந்துவிட்டால் அவள் அடுத்த முறை முயலவே மாட்டாள்.

தேர்வில் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வது எளிது, ஆனால் அதையே எல்லாவற்றுக்கும் வைத்தால் குருட்டாம்போக்கில் தொட்டதா தெரிந்து தொட்டதா என்று சொல்ல முடியாது. நான் சிலவற்றை அப்படியும், சிலவற்றை அவள் சொந்தச் சொல்லாலும், படம் வரிசைப்படுத்துவது போலச் சிலவற்றையும் கலந்து வைப்பேன். நேரம் கூடுதலாகக் கொடுப்பேன். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாள் மிச்சம்.

கண்ணசைவு எழுதியது:

நான் பேச முடியாதவன். பெருமூளை வாதம். கண்ணால் திரையைப் பார்த்து எழுத்துகளைத் தேர்கிறேன். சாதாரணப் பள்ளியில் படித்து முடித்து இப்போது வேலை பார்க்கிறேன். இதை எழுத நேரம் பிடிக்கும், அதனால் சுருக்கமாக.

வாயால் பேசுபவர் நிமிடத்துக்கு 150 சொல்லுக்கு மேல் பேசுவார். என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் 15-ஐத் தாண்டுவதில்லை. வகுப்பில் நான் பதிலை முடிக்கும்போது பாடம் இரண்டு பக்கம் தள்ளிப் போயிருக்கும். எனக்கு வரலாறு எடுத்த ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். நாளை என்னிடம் கேட்கப் போகும் கேள்வியை இன்றே எழுதிக் கொடுத்துவிடுவார். நான் வீட்டிலேயே பதிலைத் தயார் செய்து சேமித்து வைத்துக்கொள்வேன். வகுப்பில் ஒரு பார்வை, முழுப் பதிலும் ஒலிக்கும். மற்றவர்கள் எதிர்க்கேள்வி கேட்பார்கள். அந்த வகுப்பில் மட்டும்தான் நான் விவாதம் செய்திருக்கிறேன். நாலாம்பெஞ்ச் சார், இதற்கு ஆள் தேவையில்லை, ஒரு துண்டுத் தாள் போதும்.

என் வாக்கியத்தை ஊகித்து முடிக்க நினைப்பவர்கள் முதலில் என்னிடம் அனுமதி கேட்க வேண்டும். சிலரிடம் நான் சரி என்பேன், சிலரிடம் வேண்டாம் என்பேன்.

அம்மாவுக்கு: உங்கள் மகனின் டேப்லெட்டில் நீங்கள் போட்ட சொற்கள் இருக்கும், டீச்சர் போட்டவை இருக்கும். அவன் வயதுப் பிள்ளைகள் பேசும் சொற்கள் இருக்கிறதா? "அடப்போடா", "செம", "நீ அவுட்", "என் டர்ன்", "பொய் சொல்லாதே". எனக்கு நண்பர்கள் கிடைத்தது "நன்றி", "தயவுசெய்து" பட்டன்களால் கிடையாது. கிண்டல் செய்யத் தெரிந்த பிறகுதான். பெரியவர்கள் இதைப் போடத் தயங்குகிறார்கள். தங்கையிடம் கேளுங்கள், அவள் சரியான பட்டியல் தருவாள்.

வாசல்மரம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இதைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் மறுபடி பேசினேன். டேப்லெட் மேசை மேல் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். மேசைகளில் தாள் ஒட்டும் யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது, எல்லா வகுப்புக்கும் ஒட்டலாமா என்று அவரே கேட்டார். வகுப்பாசிரியர் மட்டும் இன்னும் தயங்குகிறார். பாட்டு ஆசிரியர், உடற்பயிற்சி ஆசிரியர், வாயிற்காவலர் என்று அவன் சந்திக்கும் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா என்று மலைப்பாக இருக்கிறது. நடுவில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது? பாடம் நடக்கும்போது ஒரே பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் வாங்கி வைத்துவிடுவோம் என்றும் சொன்னார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

கண்ணசைவு தம்பி, தங்கையிடம் கேட்டேன். மூச்சுவிடாமல் பட்டியல் சொன்னாள். "கள்ளாட்டம்" முதல் சொல்.

சாக்பீஸ் எழுதியது:

நல்ல செய்தி அம்மா. விளக்கம் சொல்ல ஒரு பக்கத் தாள் போதும். பெரிய எழுத்தில், படத்தோடு. நான் டேப்லெட்டால் பேசுவேன். என்னிடம் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். என் கையைப் பிடித்து அழுத்தவைக்காதீர்கள். ஆம் என்பதை நான் இப்படிக் காட்டுவேன், இல்லை என்பதை இப்படி. தலையைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று பொருள். இந்த ஒலி எழுப்பினால் கழிப்பறை. இப்படி அவனுக்கே உரியதை எழுதுங்கள். வாயிற்காவலர் அண்ணாவிடம் முதல் ஆளாகக் கொடுங்கள். தினமும் காலையில் அவனை வரவேற்பவர் அவர்தான். அவருக்கு ஒரு "வணக்கம்" கிடைத்துவிட்டால் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

சார்ஜ் தீரும், திரை உடையும், மழை வரும். முதன்மைப் பக்கத்தின் அதே அமைப்பில் கண்ணாடித்தாள் ஒட்டிய பலகை இரண்டு செய்துகொள்ளுங்கள். ஒன்று வகுப்பில், ஒன்று பையில். மணலிலும் தண்ணீரிலும் விளையாடும்போதும் அதுதான்.

வாங்கி வைத்துவிடுவோம் என்பதற்கு இடம் கொடுக்கவே வேண்டாம். பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளையிடம் நாம் "மெதுவாகப் பேசு", "இது கேட்கும் நேரம்" என்போம். இவனிடமும் அதையேதான் சொல்ல வேண்டும். ஒலியைக் குறைக்கலாம். ஒரே பட்டனை அழுத்தினால் முதலில் அதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள், பாதி நேரம் அவன் நிஜமாகவே அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான். வீட்டில் இரவு "நாளை", "எங்கே", "போ" என்று கேட்பதாகச் சொன்னீர்களே, வகுப்பிலும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பதற்றமாக இருக்கலாம். அன்றைய பாடவேளைகளைப் படமாக வரிசையாக ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வகுப்பாசிரியர் தயங்குவது எனக்குப் புரிகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது மகன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு அவனே பட்டன் அழுத்திப் பதில் சொல்லும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். முதல் மாதம் அவரிடம் அது ஒன்றைக் கேட்டால் போதும். தினமும் நடக்கும், எல்லாப் பிள்ளைகளும் பார்ப்பார்கள், அவருக்கும் பழகும். மாடலிங் அங்கிருந்து தொடங்கும்.

இன்னொன்று, யாரும் பேசத் தயங்கும் விஷயம். உடலுறுப்புகளின் பெயர்கள், "என்னைத் தொடாதே", "வலிக்கிறது", "அடித்தார்", "பயமாக இருக்கிறது", "அம்மாவிடம் சொல்" இவையெல்லாம் திரையில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பள்ளியில் அவன் பழகப்போகும் எல்லோருடைய படமும் பெயரும் இருக்க வேண்டும், ஷேடோ டீச்சர், வண்டி ஓட்டுநர் உட்பட. நடந்ததையும் செய்தவரையும் சொல்ல வழியில்லாத பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். இந்தப் பட்டன்களை யாரும் மறைக்கவோ நீக்கவோ முடியாதபடி அமைப்புப் பகுதிக்குக் கடவுச்சொல் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறந்த பிறகு எப்படிப் போகிறது என்று இதே இழையில் எழுதுங்கள். வகுப்பாசிரியருக்குச் சந்தேகம் இருந்தால் அவரையும் இங்கே எழுதச் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன்.